தீப்பெட்டி நுழையாத குடோனில் ஒரு தீக்குச்சி

விருதுநகரில் வெளிச்சம் என்றால் அது கல்யாண வீடியோ வெளிச்சம்தான். மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே ஒன்று, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே ஒன்று, இரண்டுக்கும் நடுவில் தப்பித்தவறி ஒரு நிழல் பதுங்கியிருந்தால் அதைத் துரத்திப் பிடிக்க மூன்றாவதாக ஒன்று. பி.காம். முடித்துவிட்டு, பஜாரில் அப்பாவின் (எங்கள் வீட்டில் அவர் அத்தா) மிளகாய் வற்றல் கமிஷன் கடையில் ஜிஎஸ்டி பார்த்த நேரம் போக, ஒரு ஸ்டுடியோவுக்காக அந்த வெளிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நான் மண்டபம் மண்டபமாக நின்றிருக்கிறேன். பெண்கள் பகுதியைப் படம் எடுக்கப் பெண்தான் வர வேண்டும் என்று கேட்கும் வீடுகளுக்கு என்னை அனுப்புவார்கள். அங்கே நான் கற்ற ஒளிப்பதிவுக் கொள்கை ஒன்றே ஒன்று. போட்டிருக்கிற நகை அத்தனையும் தெரிய வேண்டும். மூக்கும் முழியும் தெரிந்தால் அது கூடுதல் லாபம்.

அந்தக் கொள்கையை ஒரே ஒரு முறை மீறினேன். இணையத்தில் பார்த்த பாடம் தலைக்கேறிப்போய், ஒரு மணப்பெண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் வைத்து மறு பக்கத்தை நிழலில் விட்டேன். எனக்கே என் மேல் மரியாதை வந்த படம் அது. ஆல்பத்தைப் பார்த்த மாமியார் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, எங்க மருமகளுக்குப் பாதி மூஞ்சிதான் இருக்கு? மீதியை எங்கன வச்சிருக்கீக?"

நிழலின் அழகைப் பற்றி அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அழகெல்லாம் இருக்கட்டும். அந்தப் பக்கத்துக் காதுல கெடக்குற ஜிமிக்கி நாங்க போட்டது."

அதற்குப் பிறகு ஸ்டுடியோவில் எனக்கு ஆல்பம் ஒட்டும் வேலை மட்டும் கொடுத்தார்கள்.

வெம்பக்கோட்டை அணைப் பக்கம் ஒரு படப்பிடிப்பு நடந்தபோது, வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். மற்றவர்கள் நடிகையைப் பார்த்தார்கள். நான் ஒளிப்பதிவாளரின் பின்னாலேயே அலைந்து, அவர் டீ குடிக்கும் நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன். அவர் என்னைத் துரத்தாமல் விட்டது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான்.

"ஒரே ஒரு காட்சி, ஒரு நிமிஷம் போதும். நீயே லைட் பண்ணி அனுப்பு. பிடிச்சிருந்தா அடுத்த படத்துல கடைசி அசிஸ்டெண்டா சேத்துக்கிறேன்" என்றார்.

கடைசி அசிஸ்டெண்ட் என்றால் ஒயர் சுற்றுகிறவர், குடை பிடிக்கிறவர், எது தொலைந்தாலும் திட்டு வாங்குகிறவர். எனக்கு அது கவர்னர் பதவியாகத் தெரிந்தது.

சேர்ந்தால் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும் என்று அத்தாவிடம் சொன்னேன். "பாப்போம்" என்றார். எங்கள் வீட்டில் 'வேண்டாம்' என்றால் இன்னும் கொஞ்சம் கெஞ்சிப் பார்க்கலாம். 'பாப்போம்' என்றால் அந்தப் பேச்சை அத்துடன் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். அவருக்கு சினிமா மேல் கோபம் ஒன்றும் கிடையாது. கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார ஆள் வேண்டும், மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும். முதல் காரணத்தை வெளியே சொல்லுவார். இரண்டாவதை அவர் சொன்னதில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

பயிற்சியை வீட்டிலேயே ஆரம்பித்தேன். மாடல் ஒரு கத்தரிக்காய். அதன் பளபளப்பில் விளக்கு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும், அசையாது, ஜிமிக்கியும் கேட்காது. இரண்டு டார்ச்சையும் ஒரு மேசை விளக்கையும் வைத்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். விளக்கைப் பின்னால் கொண்டுபோனால் காய்க்கு விளிம்பு வந்தது, மேலே தூக்கினால் காம்புக்குக் கீழே நிழல் இறங்கியது. அம்மா கையில் அரிவாள்மனையோடு வந்து நின்றார்.

"கத்தரிக்காய்க்கு எதுக்கு இம்புட்டு சோடனை? குழம்பு கொதிச்சிருச்சு. குடு."

என் முதல் கதாநாயகி புளிக்குழம்பில் முடிந்தாள்.

இனி மனித முகம் வேண்டும் என்று முடிவு செய்து, கல்லூரியில் கூடப் படித்த நண்பனைக் கூப்பிட்டேன். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. சென்னையில் கொஞ்ச காலம் உதவி இயக்குநராக இருந்தவன். யாருக்கு உதவினான் என்பது யாருக்கும் தெரியாது. ஒரு தாடியோடும் 'மூட்' என்ற ஒரே வார்த்தையோடும் ஊர் திரும்பியிருந்தான். வாடகைக் காமிராவும் ஒரு எல்இடி விளக்கும் கொண்டுவர ஒப்புக்கொண்டான்.

காட்சியை நான்தான் எழுதினேன். கரண்ட் போன வீடு. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போன மகள் பொழுது சாய்ந்து திரும்புகிறாள். இருட்டில் தீக்குச்சி உரசுகிறாள். அந்த வெளிச்சத்தில், அவள் வரும்வரை சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிற அப்பாவின் முகம் தெரிகிறது. அவ்வளவுதான்.

"வெடி விபத்து ஒண்ணு வைப்போம். சிவகாசின்னா அதைத்தான் எதிர்பார்ப்பாங்க" என்றான் நண்பன்.

"வெடிச்சா காமிரா தானா வரும். வெடிக்காத அன்னைக்கும் நாங்க இங்கனதான்லே இருக்கோம்" என்றேன். மூட் கெட்டுவிட்டதாகச் சொன்னான்.

இடத்துக்கு அத்தாவின் குடோனைக் கேட்டேன். புது லோடு வருவதற்கு முன் பாதி காலியாகக் கிடந்தது. பகலிலேயே ஜன்னல்களைச் சாக்கால் மூடி இரவாக்கிவிடலாம். அத்தா யோசித்துவிட்டு, லோடு வரும்வரை வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை.

"தீப்பெட்டி உள்ள வரக் கூடாது."

"அத்தா, கதையே தீக்குச்சிதான்."

"அப்பக் கதைய மாத்து. உள்ள சாக்கு கெடக்கு, எண்ணெய் டின் கெடக்கு. ஒரு பொறி போதும்."

நாட்டுக்கே தீப்பெட்டி செய்து அனுப்புகிற சீமையில், என் படத்துக்கு ஒரு தீக்குச்சி கிடைக்கவில்லை.

மகளாக நடிக்கத் தாயில்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். எங்கள் கடையின் வாடிக்கை. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்துகிற வேலை. நடிப்பில் ஆசையா என்று கேட்டதற்கு, "நான் நடிச்சது எங்க சூப்பர்வைசர் காதுல விழுகணும், அம்புட்டுதான்" என்றார். அப்பாவாக நடிக்க, ஆமத்தூரிலிருந்து ஒரு நாடக நடிகர். ராஜா வேஷம் மட்டுமே கட்டிப் பழகியவர். ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றதும் சிம்மாசனத்தில் உட்கார்வதுபோல் உட்கார்ந்தார்.

நண்பன் அச்சகத்திலிருந்து கழிவுத் தாள்கள் கொண்டுவந்திருந்தான். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நிறம் விலகி அச்சான காலண்டர் அருவி. வெள்ளைப் பக்கத்தில் வெளிச்சத்தை அடித்தால் முகத்தில் மெதுவாகத் திரும்பி விழும். அவன் அச்சுப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டு மூட் வருகிறதா என்று கேட்டான். ராஜாவின் கன்னத்தில் அருவியோரத்துக் காட்டின் பச்சை முழுவதும் வந்து இறங்கியது. பார்த்தால் காமாலை முற்றிய ஆள். பக்கத்தில் இருக்கிற பொருளின் நிறமெல்லாம் முகத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை அது எனக்கு வெறும் பாடம்.

அதோடு நின்றிருக்கலாம். நிலா வெளிச்சம் ஜன்னலிலிருந்து கம்பி கம்பியாக இறங்க வேண்டும் என்றான் நண்பன். எனக்கும் ஆசைதான். ஆனால் காற்றில் புகையோ தூசியோ இல்லாமல் வெளிச்சம் கம்பியாகத் தெரியாது. சாம்பிராணி போட்டால் நெருப்பு, அது ஆகாது. நாங்கள் இரண்டு பேரும் படித்தவர்கள், எனவே யோசித்தோம். மூலையில் கிடந்த காலிச் சாக்கு ஒன்றை எடுத்து விளக்குக்கு முன்னால் நான்கு உதறு உதறினான்.

வற்றல் சாக்கு.

வெளிச்சம் என்னவோ அற்புதமாக இறங்கியது. செக்கச் சிவந்த பொடி அதில் மிதந்தது. அதை ரசிக்க முதல் மூச்சு வரைக்கும்தான் நேரம் இருந்தது. நண்பன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தும்மினான். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நேர் கீழே உட்கார்ந்திருந்த ராஜா இரண்டு கண்ணையும் கசக்கிக் காரியத்தை இன்னும் மோசமாக்கிக்கொண்டு தெருக் குழாயைத் தேடிப் போனார். திரும்பி வந்தது துண்டை எடுக்க மட்டும்.

"இருவது வருசமா நடிக்கேன். மேடையில செருப்புக்கூட விழுந்திருக்கு. இது மாதிரி ஒண்ணு பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

சத்தம் கேட்டுக் கடையிலிருந்து அத்தா வந்தார். எங்கள் கண்ணெல்லாம் கோவைப்பழமாக இருக்க, அவர் மட்டும் அந்தப் பொடிக்குள் கொடைக்கானலில் நடப்பதுபோல் நடந்துவந்து, நாங்கள் உதறிய சாக்கை மடித்து வைத்தார். நெடியில் பிறந்து வளர்ந்த எனக்கே மூக்கு ஒழுகியது. மறுநாள் காலையில் லோடு வருகிறது. தும்மாமல், கண் சிமிட்டாமல், அங்கே உட்கார ஊரிலேயே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்பது எனக்கு விளங்கியது. அவர்தான் நான் சென்னைக்குப் போகக் கூடாது என்று நினைக்கிறவரும்.

"அத்தா, நீங்க கொஞ்சம் உக்காருங்களேன்."

"நானா?" என்றார். மூட்டையைப் பார்த்தார். "பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். அந்த வார்த்தைக்கு அப்படி ஒரு பொருள் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

இனி வேலை என்னுடையது. கல்யாண வீடியோப் பழக்கத்தில் முதலில் எல்லா விளக்கையும் போட்டுவிட்டேன். வாசலில் நின்ற அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இம்புட்டு வெளிச்சத்துல நான் எதுக்குத் தீக்குச்சி உரசணும்? பாய் அங்கன இருக்கிறது ரோட்டுலருந்தே தெரியுதே."

எல்லாவற்றையும் அணைத்தேன். காமிராவில் அத்தாவும் மூட்டையும் சுவரும் ஒரே கறுப்பாகிவிட்டார்கள். பின்கதவை ஒரு விரலளவு திறந்து, மத்தாப்புப் பெட்டிக்குச் சுற்றும் நீலக் கண்ணாடித் தாளை அந்தச் சந்தில் ஒட்டினேன். அத்தாவின் தோளிலும் தொப்பி விளிம்பிலும் மெல்லிய நீலக் கோடு ஒன்று வந்தது. ஆள் இருப்பது தெரிந்தது, யார் என்பது தெரியவில்லை. கத்தரிக்காய் வீண் போகவில்லை.

தீக்குச்சிக்கு எல்இடி ஆகாது. அதன் வெள்ளையில் அத்தா ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்போல் தெரிந்தார். பழைய மஞ்சள் குண்டு பல்பு தேடிக் கடை கடையாக அலைந்தேன். கோழிக்குஞ்சு வளர்க்கப் போகிறீகளா என்று கேட்டார்களே தவிர, கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் எங்கள் கடையின் பரணில் ஒன்று கிடைத்தது. வெட்டிய எண்ணெய் டின்னுக்குள் அதைப் பொருத்தி, பழைய ஃபேன் ரெகுலேட்டரோடு இணைத்தேன். அக்கா காமிராவுக்கு முதுகைக் காட்டி நிற்பார். அவருடைய இடுப்புக்குப் பக்கத்தில், காமிராவுக்குத் தெரியாமல், நான் டின்னோடு குனிந்து நிற்பேன். அவர் மருந்தில்லாத வெறும் குச்சியைக் காலித் தீப்பெட்டியில் உரசும்போது நான் ரெகுலேட்டரைத் திருக வேண்டும். அந்தக் காலிப் பெட்டியையும் அத்தா வாங்கி, திறந்து பார்த்து, தட்டிப் பார்த்த பிறகே உள்ளே விட்டார்.

முதல் முறை திருகினேன். "கரண்ட் வந்திருச்சா?" என்று கேட்டார் அத்தா.

பொய்யை ஒழுங்காகச் சொல்ல உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்று வெளியே போனேன். தெருவோரம் நின்று ஒரு பெட்டித் தீக்குச்சியை ஒவ்வொன்றாக உரசி, என் உள்ளங்கையில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்தேன். முதலில் சீறிக்கொண்டு ஒரு பிரகாசம், உடனே ஒரு சரிவு, அப்புறம் நிதானம், கடைசியில் விரல் சுடும்போது ஒரு தடுமாற்றம். எதிர்க்கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என்னம்மா, பீடி கீடி பழகுறீகளா?" என்று கேட்டார். ஒளிப்பதிவு என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை.

திரும்பி வந்து ரெகுலேட்டரை ஐந்துக்குத் தூக்கி, இரண்டுக்கு இறக்கி, மூன்றில் நிறுத்திப் பழகினேன். கை பழகப் பழகப் பல்பு மெல்லத் தீக்குச்சியாகியது. அதற்குள் பொடி அடங்கி, வெளியே வெயிலும் இறங்க ஆரம்பித்துவிட்டது. நீலக் கோடு மங்கிக்கொண்டே வந்தது.

ஒத்திகையில் அக்கா உள்ளே வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் செருப்பைக் கழற்றி, கதவு நிலையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டு வந்தார். "கதவை எதுக்குத் தடவுறீக?" என்று நண்பன் கத்தினான். ஆலையில் மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்குமாம். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம்.

"தொடலைன்னா காலு உள்ள வராது தம்பி" என்றார் அக்கா. அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குள் நுழையும்போதும் ஆலை வாசலைத் தொடுகிற கை. அதை என்னால் எழுதியிருக்க முடியாது.

அத்தாதான் பிரச்சினை. காமிராவைப் பார்க்க வேண்டாம் என்றால் ஆதார் அட்டைக்குப் படம் எடுப்பதுபோல் அதையே பார்த்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அத்தா. மக வெளிய போயிருக்கா, இன்னும் வரல. காத்துக்கிட்டு இருக்கீக. தீக்குச்சி உரசினதும் அவளைப் பாருங்க."

"வருவாளா?"

"வந்துருவா."

தலையை ஆட்டினார். நண்பன் காமிராவை ஓடவிட்டான். அக்கா கதவு நிலையைத் தொட்டார், உள்ளே வந்தார், குச்சியை உரசினார். நான் ரெகுலேட்டரைத் திருகினேன். அதைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. மூச்சு விட்டால் கை ஆடும் என்று மூச்சையும் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றில் நிறுத்தி, கடைசியில் கொஞ்சம் தடுமாறவிட்டு, அணைத்தேன்.

எடுத்ததைச் சின்னத் திரையில் ஓட்டிப் பார்த்தோம். இருட்டில் நீலக் கோடாக இருந்த தோளிலிருந்து ஒரு முகம் எழுந்து வந்தது. தாடி நரைத்த, பசித்த, எதையோ கேட்கப் போய் கேட்காமல் நிறுத்திக்கொண்ட முகம். தினமும் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம்தான். நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். வற்றல் மேல் பழியைப் போட வசதியாக இருந்தது.

ஆனால் ஒரு தப்பு. அத்தாவின் பார்வை அக்காவின் மேல் இல்லை, ஒரு சாண் தள்ளிப் போயிருந்தது. இன்னொரு தரம் எடுக்கலாம் என்று கதவைப் பார்த்தால் நீலக் கோடு போய்விட்டது, வெளியே பொழுது அடைந்துவிட்டது. காலையில் லோடு வந்து குடோன் நிறைந்துவிடும். தப்போடுதான் அனுப்ப வேண்டியிருந்தது. இந்தச் சாண் தூரத்தால் என் சென்னை போச்சு என்றே நினைத்தேன். நண்பன் ஆறுதல் சொன்னான், மூட் இருக்கிறதாம்.

சில நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒளிப்பதிவாளர் கடைக்கே போன் செய்தார்.

"லைட் நல்லா இருக்கு. அந்தப் பெரியவர் பார்வைதான் தள்ளிப் போகுது. பொண்ணைப் பாக்காம லைட்டுப் பக்கம் யாரையோ பாக்குறாரு. அங்க யாரு நின்னா?"

"நான்தான் சார்."

"அவரு யாரு?"

"எங்க அத்தா."

அந்தப் பக்கம் குச்சி உரசுகிற சத்தம் இன்னொரு தரம் கேட்டது.

"ஒண்ணாந்தேதி வந்துரு" என்றார்.

எதிரே அத்தா தூக்குச்சட்டியைத் திறந்து, எனக்கும் ஒரு தட்டில் சோற்றை வைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம், ஒன்றாம் தேதி வரச் சொல்கிறார் என்றேன். குழம்பை ஊற்றினார். எனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காயாகப் பார்த்து எடுத்து என் தட்டில் போட்டார்.

"அன்னைக்கு நான் ஒரு தும்மல் போட்டிருந்தாப் போதும்" என்றார். "நீ இங்கனயே இருந்திருப்ப."

"நீங்கதான் வத்தலுக்குத் தும்மவே மாட்டீகளே."

"பொய்யாப் போடத் தெரியாதா? அதுக்குன்னேதான் உக்காந்தேன்."

"பெறகு ஏன் போடல?" என்றேன், சோற்றில் கை வைக்காமல்.

"வெளிச்சம் வரவும் நீ தெரிஞ்ச" என்றார். "அந்த டின்னைப் புடிச்சிக்கிட்டு, மூச்சுக்கூட விடாம நிக்கே. எப்படிம்மா தும்முவேன்? சாப்பிடு."